37 கிலோவுக்குள் ஒரு டிக்கி: சிறிய ஆஃப்ரோடு வண்டிக்குப் பின்புறச் சேமிப்பு அமைப்பைத் தேர்ந்தெடுத்த கணக்கு

எடுத்துக்கொண்ட நிலை

மூன்று கதவு கொண்ட சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி. இரண்டு பேர். நான்கு இரவு வெளியே தங்கி வரும் பயணம், அதில் பாதி தூரம் மண்பாதையும் கல்பாதையும். பின் இருக்கை தேவையில்லை. கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: பின்னால் என்ன போடுவது? பிளைவுட் டிராயரா, அலுமினியச் சட்டத்தில் பெட்டிகளா, அல்லது பெட்டிகளை அடுக்கிப் பட்டை போட்டு இறுக்கினால் போதுமா?

கணக்குக்கு 2018-இல் வந்த மூன்று கதவு சுசூகி ஜிம்னியின் அளவுகளை எடுத்துக்கொண்டோம். இந்த வகை வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 2,250 மி.மீ. பின் இருக்கை நிமிர்ந்திருந்தால் டிக்கி 85 லிட்டர், மடக்கினால் 377 லிட்டர். பல சந்தைகளில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,435 கிலோ. 2023-இல் வந்த ஐந்து கதவு வண்டியின் வீல்பேஸ் 2,590 மி.மீ. என்பதால், அதை வைத்திருப்பவர்கள் கீழே வரும் ஆக்சில் கணக்கில் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். வேறு வண்டியாக இருந்தாலும் முறை இதேதான். எண்களை மட்டும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் இந்த வேலையைத் தொடங்குவது டேப்போடு. எத்தனை மி.மீ. அகலம், எத்தனை உயரம், எத்தனை டிராயர் அடங்கும் என்று. சிறிய வண்டியில் அது தவறான தொடக்கம். இடம் தீருவதற்கு முன்பே எடை தீர்ந்துவிடும். முதலில் போக வேண்டிய இடம் எடைமேடை.

எடைக் கணக்கு

தொட்டி நிறைய எரிபொருளோடு, ஆளில்லாமல், வண்டி 1,110 கிலோ எனக் கொள்வோம். முன்பக்க இரும்புப் பம்பர், வின்ச், பெரிய டயர் என்று ஏற்கெனவே மாட்டியிருப்பவர்களுக்கு இந்த எண் கணிசமாக ஏறியிருக்கும். எனவே தயாரிப்பாளர் அச்சிட்ட எடையை நம்பி உட்காராமல் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தே ஆகவேண்டும். முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக, பிறகு முழு வண்டி என மூன்று முறை.

1,435-இலிருந்து 1,110 போனால் மீதி 325 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து 140 கிலோ. மிச்சம் 185. அதில் போக வேண்டியவை:

தண்ணீர் 30 லிட்டர், கேன்களோடு 33 கிலோ
35 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் 18, உள்ளே உணவு 10, ஆக 28 கிலோ
கூடாரம், படுக்கை 20 கிலோ
சமையல் சாமான் 14 கிலோ
துணிமணி 16 கிலோ
மீட்புச் சாமான் (இழுவைப் பட்டை, ஷேக்கிள், மண்வெட்டி) 18 கிலோ
கருவிகள், உதிரிகள் 15 கிலோ
காற்றடிக்கும் கம்ப்ரசர் 4 கிலோ

கூட்டினால் 148 கிலோ. 185-இல் 148 கழிந்தால் 37.

இந்த 37 கிலோதான் முடிவைத் தீர்மானித்தது. சேமிப்பு அமைப்பு என்பது வீட்டில் இறக்கி வைக்க முடியாத சரக்கு. ஊருக்குள் காய்கறி வாங்கப் போனாலும் அது கூடவே வரும். அது தின்னும் ஒவ்வொரு கிலோவும் தண்ணீரிலிருந்தோ கருவியிலிருந்தோதான் கழியும். அதனால் "எது வலுவானது" என்று கேட்காமல், "37 கிலோவுக்குள் எது அடங்குகிறது, அடங்கியவற்றில் எது கைக்கு வசதி" என்று கேட்டோம்.

பின் இருக்கையை மடக்கி வைப்பதா, கழற்றிவிடுவதா என்பதும் இதே கணக்கில் வரும். கழற்றினால் தளம் தாழ்ந்து சமமாகிறது, இருக்கையின் போல்ட் துளைகள் நங்கூரப் புள்ளிகளாக (சேமிப்பு அமைப்பைத் தளத்தோடு பூட்டும் இடங்களாக) கிடைக்கின்றன, இருக்கையின் எடை முழுவதும் திரும்பக் கிடைக்கிறது. கழற்றியதைத் தராசில் வைத்து அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே அதைக் கூட்டாமல் கைவசம் வைத்தோம். ஆனால் பதிவுச் சான்றில் நான்கு இருக்கை என்றிருக்கும் வண்டியில் இரண்டை எடுத்தால் பதிவும் காப்பீடும் என்ன சொல்கின்றன என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிராயர்: ஏன் முதலில் கவர்ந்தது, ஏன் கைவிடப்பட்டது

டிராயரின் கவர்ச்சி நியாயமானது. மேலே சமதளம், கீழே ஒழுங்கு, இழுத்தால் எல்லாம் வெளியே. பெரிய வண்டிகளில் நன்றாக வேலை செய்கிறது. சிறிய வண்டியில் மாட்டுவதற்குமுன் ஒரு காகிதமும் பென்சிலும் போதும்.

950 மி.மீ. நீளம், 950 அகலம், 280 உயரத்தில் இரட்டை டிராயர் என்று வையுங்கள். வெளிக்கூட்டின் மேல்பலகை, கீழ்ப்பலகை, இரு பக்கம், நடுச்சுவர், இரண்டு டிராயரின் அடி, பக்கங்கள், முன் பின் எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 4.6 சதுர மீட்டர் பிளைவுட். பிர்ச் பிளைவுட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு 680 கிலோவை ஒட்டி இருக்கும். 15 மி.மீ. பலகை சதுர மீட்டருக்கு 10.2 கிலோ. ஆக மரம் மட்டும் 47 கிலோ. டிராயர் ஓடும் எஃகுத் தடமான சேனலில், 76 மி.மீ. உயரமுள்ள கனரகப் பூட்டு வகை ஒரு ஜோடி 8 கிலோ என்று வைத்தால் இரண்டு ஜோடிக்கு 16. மொத்தம் 63 கிலோ. ஒரு ஸ்பானர்கூட உள்ளே வைக்காமலேயே அனுமதியைத் தாண்டி 26 கிலோ.

இதை இளைக்க வைக்கலாம். வெளிக்கூட்டை 12 மி.மீ. ஆக்கி, கீழ்ப்பலகையை எடுத்துவிட்டு, டிராயர்களை 9 மி.மீ. பலகையில் செய்து, எஃகுச் சேனலுக்குப் பதில் வழுவழுப்பான பாலிஎத்திலீன் பட்டைகளின்மேல் வழுக்க விட்டால் 30 கிலோவுக்கு வந்துவிடும். 37-க்குள் அடங்குகிறது. இந்த இளைத்த டிராயர் நல்ல டிராயர்தான். டிராயர்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் இதைச் செய்யட்டும். மிச்சம் 7 கிலோ மட்டுமே. பாதையில் சேரும் சேறும் ஈரத்துணியும் அதைத் தின்றுவிடும் என்பதால் இங்கே தவிர்த்தோம்.

அகலமான ஒற்றை டிராயரை மட்டும் யாரும் செய்யாதீர்கள். சிறிய வண்டியின் டிக்கியில் அகலமும் நீளமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் ஒரே பெரிய டிராயர் போடத் தோன்றும். சேனல் இல்லாமல் மரத்தின்மேல் மரம் வழுக்கும் டிராயரை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் அது கோணலாகி இரு பக்கமும் இறுகிக்கொள்ளும். பிறகு எவ்வளவு பலமாக இழுத்தாலும் அவ்வளவு பலமாகவே இறுகும். எப்போது இறுகும் என்பதற்குக் கணக்கு உண்டு. இழுக்கும் இடம் நடுக்கோட்டிலிருந்து விலகிய தூரம், "உள்ளே மிச்சமிருக்கும் நீளம் ÷ (2 × உராய்வுக் குணகம்)" என்பதைத் தாண்டினால் சிக்கல். பிளைவுட்டில் குணகம் 0.4, உள்ளே 250 மி.மீ. மிச்சம் என்றால் எல்லை 312 மி.மீ. 900 மி.மீ. அகல டிராயரின் மூலை நடுவிலிருந்து 400-க்கும் மேல் விலகியிருக்கும், நிச்சயம் சிக்கும். 440 அகல டிராயரின் மூலை 220-இல்தான் இருக்கிறது. எங்கே பிடித்து இழுத்தாலும் வரும். பாலிஎத்திலீன் பட்டை ஒட்டினால் குணகம் பாதியாகி எல்லை இரட்டிப்பாகும். பட்டை ஒட்டச் சொல்வது மென்மைக்காக மட்டும் இல்லை என்பது இதில் தெரியும்.

எஃகுப் பந்துச் சேனலுக்கு வேறொரு எதிரி: புழுதி. கிரீஸில் ஒட்டிய நுண்மண் அரைபொடியாக மாறிப் பந்துகளின் பாதையைத் தேய்க்கிறது. புழுதிப் பாதைக்குப் போகும் வண்டியில் சேனலுக்குக் கிரீஸ் அதிகம் பூசுவது நன்மை செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்வது. துடைத்துவிட்டு உலர்ந்த மசகு தெளிப்பதே சரி.

வெறும் பெட்டியும் பட்டையும்

இதை ஏழைத் தீர்வு என்று ஒதுக்கக் கூடாது. 600×400×220 மி.மீ. கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று சுமார் 2 கிலோ. நான்கு பெட்டி, ஒரு தளப்பலகை, ஆறு வளையம், நான்கு பட்டை எல்லாம் சேர்ந்தாலும் 18 கிலோ தாண்டாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பயணம் போகிறவர்களுக்கு இதற்குமேல் எதுவும் வேண்டாம் என்பதே எங்கள் துணிபு. வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் வண்டி மறுபடி வெறும் வண்டி.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. அடிப்பெட்டியில் இருக்கும் அடுப்பை எடுக்க மேல்பெட்டியின் பட்டையை அவிழ்த்து, பெட்டியை இறக்கி, மண்ணில் வைத்து, எடுத்த பிறகு திரும்ப ஏற்றிக் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு முறை இதைச் செய்ய வேண்டியிருந்தால் மூன்றாவது முறைக்குப் பிறகு யாரும் பட்டையைச் சரியாக இறுக்குவதில்லை. நான்காம் நாள் காலையில் பெட்டிகள் கட்டப்படாமலே வண்டி கிளம்புகிறது. பாதுகாப்பு பறிபோவது பட்டை அறுந்து அல்ல, கட்டுகிறவர் அலுத்துப்போய்.

தேர்ந்தெடுத்தது: ஒரு குறுகிய சட்டம், இரண்டு பெட்டி, மீதி தளம்

அலுமினியச் சட்டம் என்றதும் டிக்கி முழுவதையும் நிரப்பும் கூண்டு செய்யத் தோன்றும். அது தேவையில்லை. நாள்தோறும் பலமுறை கைபடும் சாமான் எது என்று பட்டியல் போட்டால் சமையல் சாமானும் கருவியும் ஃபிரிட்ஜும்தான் வருகின்றன. கூடாரம் நாளுக்கு இருமுறை. மீட்புச் சாமான் சிக்கிக்கொண்டால் மட்டும். ஆனால் அப்போது அரை நிமிடத்தில் கைக்கு வரவேண்டும். ஆக சட்டம் தேவைப்படுவது இரண்டு பெட்டிக்கு மட்டுமே.

அளவுகள்: பயன்படும் அகலம் 1,000 மி.மீ., நீளம் 950 என்று கொண்டோம். உங்கள் வண்டியில் அளக்கும்போது மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: வீல் ஆர்ச்சுகளுக்கு நடுவே, ஜன்னல் மட்டத்தில், கதவு வாயிலில். வாயிலில் கதவுப் பூட்டின் கொக்கி உள்நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரை மறந்து செய்த பெட்டி உள்ளே உட்காரும், வெளியே வராது.

சட்டம் 470 அகலம், 620 ஆழம், 530 உயரம். கதவின் கீல் இருக்கும் பக்கத்தில் அதை நிறுத்தவில்லை, எதிர்ப்பக்கம். பக்கவாட்டில் திறக்கும் கதவுள்ள வண்டியை இடம் குறைவான இடத்தில் நிறுத்தினால் கதவு பாதிதான் திறக்கும். அந்தப் பாதித் திறப்பில் கைக்கு எட்டுவது கைப்பிடிப் பக்கமே. அடிக்கடி எடுப்பது அங்கே இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் 360 மி.மீ. அகலத்தில் கீல் பக்கம். இடையில் மிஞ்சிய 170 மி.மீ. சந்தில் மடக்கு மேசை, மண்வெட்டி, மீட்புப் பை மூன்றும் நிமிர்த்தி வைத்துப் பட்டை. சட்டத்துக்கு முன்னால், முன் இருக்கைகளின் முதுகை ஒட்டி, 300 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர்க் கேன்கள் குறுக்காக. கூடாரமும் துணிப்பைகளும் சட்டத்தின் மேல்பலகையிலும் கேன்களின் மேலும். கனமற்றவை மட்டுமே அந்த உயரத்துக்குப் போகலாம்.

பொருள்கள்: 30×30 மி.மீ. அலுமினியப் புரொஃபைல் (நீளவாக்கில் பள்ளம் ஓடும் சதுரத் தண்டு) 7.5 மீட்டர், மீட்டருக்கு 0.9 கிலோ வீதம் 6.8 கிலோ. மூலை ஆங்கிள் (எல் வடிவ இணைப்புத் துண்டு), எம்6 (6 மி.மீ. விட்ட) போல்ட், பள்ளத்து நட்டு எல்லாம் 2 கிலோ. மேல்பலகை 9 மி.மீ. பிளைவுட் 1.8 கிலோ. டிக்கி முழுவதற்கும் 9 மி.மீ. தளப்பலகை 5.8 கிலோ. ஆறு வளையம் 0.6. நங்கூரத் தகடுகள் 1.5. இரண்டு பெட்டி 4 கிலோ. மொத்தம் 22.5. கையில் 14.5 கிலோ மிச்சம்.

பெட்டிகள் சட்டத்துக்குள் எல் வடிவ ஓரத்தின்மேல் வழுக்குகின்றன. ஓரத்தில் 3 மி.மீ. பாலிஎத்திலீன் பட்டை. சேனல் இல்லை, பந்து இல்லை, கிரீஸ் இல்லை. முன்புறம் ஒரு திருப்புக் கட்டை பெட்டியை வெளியே வரவிடாமல் தடுக்கிறது. ஒரு கையால் கட்டையைத் திருப்பி மறுகையால் பெட்டியை முக்கால்வாசி இழுத்தால் அது தன் பின்கால்வாசியில் தொங்கி நிற்கும். நிற்பதற்குக் காரணம், மேல் ஓரத்துக்கும் பெட்டிவிளிம்புக்கும் இடையே விட்டிருக்கும் 8 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளி 20 ஆனால் பெட்டி மூக்கு குத்தி விழும். 3 ஆனால் நிறைந்த பெட்டியின் வாய் விரிந்து இறுகிக்கொள்ளும். வெட்டுவதற்குமுன் நிறைத்த பெட்டியை அளக்கச் சொல்வது இதனால்தான்.

எடை எங்கே உட்காருகிறது

எவ்வளவு என்பது முடிந்தது. எங்கே என்பதும் அதே அளவு முக்கியம், வீல்பேஸ் குட்டையான வண்டியில் இன்னும் கூடுதலாக.

33 கிலோ தண்ணீரைப் பின் ஆக்சிலுக்கு 300 மி.மீ. முன்னால் வைத்தால் 33×300÷2,250, அதாவது 4.4 கிலோ முன் ஆக்சிலில் இறங்குகிறது. அதே கேன்களைக் கதவை ஒட்டி, ஆக்சிலுக்கு 400 மி.மீ. பின்னால் வைத்தால் முன் ஆக்சிலிலிருந்து 5.9 கிலோ தூக்கப்படுகிறது. பின் ஆக்சில் 38.9 கிலோ சுமக்கிறது. ஒரே கேன், ஒரு கை தூரம், முன்சக்கரத்தில் 10 கிலோ வித்தியாசம். செங்குத்தான ஏற்றத்தில் ஸ்டீயரிங் இலேசாகி முன்சக்கரம் கல்லைப் பிடிக்காமல் நழுவும்போது இந்த 10 கிலோவின் அருமை புரியும்.

கதவின் உட்பக்கத்தில் மாட்டும் மடக்கு மேசைக்கும் இதே கணக்கு. ஆக்சிலுக்கு 600 மி.மீ. பின்னால் 10 கிலோ தொங்கினால் பின் ஆக்சில் 12.7 கிலோ உணரும். ஸ்டெப்னி ஏற்கெனவே அதே கதவில் தொங்குகிறது. பெரிய டயருக்கு மாறியிருந்தால் ஸ்டெப்னியும் கனத்திருக்கும். கதவு தொய்ந்து, மூடும்போது கொக்கிக்குக் கீழே இடிக்கத் தொடங்கினால் அதுதான் முதல் அறிகுறி. கதவில் மேசையை மாட்ட ஆசைப்பட்டால் 3 கிலோவுக்கு உட்பட்ட மெல்லிய அலுமினிய மேசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூரைத் தாங்கியைப் பற்றிச் சுருக்கமாக: மூன்று கதவு ஜிம்னியில் கூரைக்கு அனுமதி 30 கிலோ. தாங்கியின் எடையும் அதற்குள். கனமான தாங்கி போட்டுவிட்டு மேலே எரிபொருள் கேன் ஏற்றுவது அந்த அளவை மீறுவதோடு, குறுகிய வண்டியைச் சரிவில் கவிழ்க்கவும் வழி செய்யும். இந்த அமைப்பில் கூரை காலி.

நங்கூரம்: அறுவது போல்ட் அல்ல

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதி அரை மீட்டரில் நின்றால் சராசரி எதிர்முடுக்கம் ஏறத்தாழ 20 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 20 மடங்கு. சட்டம், இரண்டு பெட்டி, 15 கிலோ கருவி, 14 கிலோ சமையல் சாமான் எல்லாம் 44 கிலோ. 20 ஜி-இல் அது 880 கிலோ விசையோடு முன் இருக்கைகளை நோக்கிப் பாயும். உயரம் 530 என்பதால் கவிழவும் பார்க்கும். பின்னால் இருக்கும் இரண்டு நங்கூரமும் சேர்ந்து 420 கிலோ மேல்நோக்கிய இழுப்பைத் தாங்க வேண்டும்.

ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 17-ஆம் எண் விதிப்படி பின் இருக்கை முதுகைச் சோதிக்கும்போது தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை டிக்கியில் வைத்து மோதவிடுவார்கள். நிமிர்ந்து நிற்கும் இருக்கை முதுகு அந்த அளவுக்கான தடுப்பு. இருக்கையை மடக்கியோ கழற்றியோ விட்டால் அந்தத் தடுப்பு போய்விட்டது. பயணிகளுக்கும் சாமானுக்கும் நடுவே இருப்பது உங்கள் நங்கூரம் மட்டும்தான்.

8.8 தரமுள்ள ஓர் எம்8 போல்ட் 2 டன்னுக்கு மேல் தாங்கும். நான்கு போட்டால் போல்ட்டைப் பற்றிக் கவலை இல்லை. கிழிவது தளத் தகடு. அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். அதில் துளையிட்டுச் சாதாரண வாஷர் போட்டு இறுக்கினால் வாஷர் தகட்டைக் குடைந்துகொண்டு வெளியே வரும். ரிவெட் நட்டும் (துளையில் நசுக்கிப் பொருத்தும் நட்டு) தகட்டை மட்டும் பிடித்திருந்தால் அதே கதி. எனவே இருக்கை போல்ட் துளைகளும் சீட் பெல்ட் நங்கூரமுமே முதல் தேர்வு; அவற்றுக்குப் பின்னால் தயாரிப்பாளரே வலுவூட்டல் வைத்திருக்கிறார். பெல்ட் நங்கூரத்தின் புரி பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. எம்10 போல்ட் அதில் தளர்வாக நுழைந்தாலும் புரி சரியாகப் பிடிக்காது. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு புது போல்ட் வாங்குங்கள். யாராவது இன்னும் உட்காரும் இருக்கையின் பெல்ட்டை எக்காரணத்துக்கும் கழற்றாதீர்கள்.

புதிதாகத் துளையிட்டே ஆகவேண்டும் என்றால் அடியில் குறைந்தது 60×60×3 மி.மீ. எஃகுத் தகடு. துளையிடும் முன் கீழே படுத்துப் பார்க்க வேண்டும்: எரிபொருள் தொட்டி, அதன் குழாய், பிரேக் குழாய், மின்கம்பிக் கட்டு. துளையின் விளிம்புக்குத் துருத் தடுப்புப் பெயிண்ட், சுற்றிலும் சீலன்ட். எம்8-ஐ 25 நியூட்டன் மீட்டரிலும், எம்6-ஐ 10-இலும் இறுக்குங்கள்.

இனி, பலரும் தவறவிடுவது. அலுமினியப் புரொஃபைலின் பள்ளத்தில் உட்காரும் நட்டு உராய்வால் மட்டுமே நிற்கிறது. பள்ளத்தின் நீளத்தோடு விசை வந்தால் அது வழுக்கும். நங்கூர ஆங்கிளைத் தரையோடு முன்பின்னாக ஓடும் புரொஃபைலில் மாட்டிவிட்டால் மோதலில் சட்டம் முழுவதும் பள்ளம் வழியாக முன்னே நகரும். போல்ட்டுகள் அப்படியே தரையில் நிற்கும். எனவே ஆங்கிளைக் குறுக்குப் புரொஃபைலில் மாட்ட வேண்டும். அல்லது புரொஃபைலில் ஊடு துளையிட்டு எம்8 போல்ட்டை முழுவதும் கடத்த வேண்டும். இங்கே முன் இரண்டும் குறுக்குப் புரொஃபைலில், பின் இரண்டும் ஊடு துளையில்.

கேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் போடும் பட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். அதில் எல்.சி. (பட்டை தாங்கும் இழுவிசை) என்று போட்டு டேகாநியூட்டன் கணக்கில் ஓர் எண் இருக்கும். ஒரு டேகாநியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோ விசை. 28 கிலோ ஃபிரிட்ஜுக்கு 20 ஜி-இல் 560 வேண்டும். 250 எழுதிய பட்டை ஒன்று போதாது, மூன்று வேண்டும். எண் எழுதாத பட்டையைக் கூடாரம் கட்ட வைத்துக்கொள்ளலாம். எரிபொருள் கேனும் எரிவாயு உருளையும் மூடிய வண்டிக்குள் இந்த அமைப்பில் இடம்பெறவில்லை, இடம்பெறவும் கூடாது.

பக்க ஜன்னலை மறைக்கும் தொங்கு தகடு மாட்ட நினைப்பவர்கள், பக்கத் திரை ஏர்பேக் எது வரை விரிகிறது என்று வண்டிக் கையேட்டில் பார்த்துவிட்டே தூணைத் தொட வேண்டும்.

செய்யும் வரிசை

அட்டைப்பெட்டியில் முதலில். சட்டம், ஃபிரிட்ஜ், கேன் மூன்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டி டிக்கிக்குள் வைத்து, கதவை மூடி, முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்துப் பாருங்கள். ஓட்டுநர் நெட்டையாக இருந்தால் கேனுக்கான 300 மி.மீ. அங்கேயே 220 ஆகிவிடும். பிறகு ஜாக்கும் சக்கரத் திருகியும் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பின் தளத்தின் அடியில் என்றால் தளப்பலகையில் அதற்கு மூடி வெட்டியாக வேண்டும், அல்லது கருவிப் பெட்டிக்கு அவற்றை மாற்ற வேண்டும். இருட்டில் பஞ்சரானபோது ஜாக்கை எடுக்க ஃபிரிட்ஜையும் சட்டத்தையும் கழற்றுகிற நிலை யாருக்கும் வரக்கூடாது.

தளப்பலகையை வெட்டி, விளிம்புகளுக்கு இரண்டு கை வார்னிஷ். பலகையின் முகத்தைவிட விளிம்புதான் தண்ணீரைக் குடிக்கும். கம்பளம் ஒட்டாதீர்கள், ஈரம் உள்ளே தங்கித் தளத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். மூடிய நுண்ணறைகள் கொண்ட (தண்ணீரை உறிஞ்சாத) 3 மி.மீ. ஃபோம் விரிப்பைப் பலகைக்கு அடியில் போட்டால் சத்தமும் அடங்கும், தண்ணீரும் தங்காது.

சட்டத்தை வெளியே தரையில் வைத்துப் பூட்டி, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, வித்தியாசம் 2 மி.மீ.க்குள் வந்த பிறகே முழுதாக இறுக்க வேண்டும். அலுமினியமும் எஃகுத் தளமும் நேராகத் தொட்டுக்கொள்ளும் இடங்களில் மெல்லிய ரப்பர்த் தாள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும்.

ஃபிரிட்ஜின் மின்கம்பி தனியாக பாட்டரியிலிருந்து வரட்டும். 5 ஆம்பியர், போக வர 8 மீட்டர் கம்பி: 2.5 சதுர மி.மீ. செம்பில் 0.3 வோல்ட் விழும், 6 சதுர மி.மீ.யில் 0.12 வோல்ட்தான். ஃபிரிட்ஜின் குறைவோல்ட் தடுப்பு தேவையில்லாமல் அணைத்துவிடுவதற்குப் பெரும்பாலும் மெல்லிய கம்பியே காரணம். பாட்டரியின் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். காற்றுத் துளை இருக்கும் பக்கத்தில் துணிப்பை சாயாதபடி விரல் அகல இடைவெளியாவது விடவேண்டும். மூடி முழுதாகத் திறக்க மேலே இடம் இருப்பதால் இங்கே ஃபிரிட்ஜ் சேனல் தேவைப்படவில்லை, அதன் எடையும் மிச்சம்.

பழுதாகும் இடங்கள்

அதிர்வில் முதலில் தளர்வது மூலை ஆங்கிள் போல்ட். ஒவ்வொரு போல்ட் தலைக்கும் ஆங்கிளுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், கோடு உடைந்திருப்பது கண்ணிலேயே தெரியும். முதல் நாள் மண்பாதை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்க வேண்டும்; உட்கார வேண்டியது உட்கார்ந்த பிறகு பிடி நிலைக்கும். போல்ட் கழலாமல் பிடிக்கும் புரிப்பசை இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, பெட்டியின் அடி. உள்ளே இரும்புக் கருவிகள் நேராக உட்கார்ந்தால் கல்பாதை அதிர்வில் பிளாஸ்டிக் உள்ளிருந்து தேயும். அடியில் ரப்பர் விரிப்பும், கருவிகளைச் சுற்றித் துணிச்சுருளும் போடுங்கள்.

மூன்றாவது, புழுதி. பின்கதவு ரப்பர் பீடிங்கில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தால் ஓடும் வண்டியின் பின்னால் சுழலும் புழுதி உள்ளே இழுக்கப்படும். பீடிங்கில் சுண்ணப்பொடி தடவிக் கதவை மூடித் திறந்தால், பொடி ஒட்டாத இடமே ஓட்டை. உள்காற்றுச் சுழற்சியை நிறுத்தி, வெளிக்காற்றை விசிறியில் உள்ளே தள்ளிக்கொண்டே ஓட்டினால் உள்ளழுத்தம் சற்று ஏறிப் புழுதி குறையும்.

நான்காவது ஸ்பிரிங். சாமான் ஏற்றுமுன் நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வைத்து, ஏற்றிய பின் மறுபடி அளக்க வேண்டும். பின்புறம் மிகவும் தாழ்ந்தால் கடினமான ஸ்பிரிங் போடலாம். ஆனால் ஸ்பிரிங் மாற்றியதால் 1,435 என்ற எண் மாறாது. பிரேக்கும் ஆக்சிலும் சேசிஸும் பழையவையே.

எல்லாம் ஏற்றி, இருவரும் ஏறி, தண்ணீர் நிறைத்து மறுபடியும் எடைமேடைக்குப் போக வேண்டும். கணக்குப்படி 1,110, 140, 148, 22.5 கூட்டி 1,420.5 கிலோ வரவேண்டும். எடைமேடை காட்டுவது அதற்குமேல் 10 கிலோ என்றால் பட்டியலில் எழுதாத ஏதோ ஒன்று வண்டியில் இருக்கிறது. 1,435-ஐத் தாண்டினால் முதலில் இறங்க வேண்டியது தண்ணீர் அல்ல, துணிப்பை.